கேள்வி–பதில்: கிளஸ்டர்எஃப்எஸ் வால்யூமை அமைப்பதும் வேகப்படுத்துவதும்

கேள்வி: பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் அலுவலகம் நடத்துகிறோம். பல சர்வர்களின் டிஸ்க்குகளை இணைக்கும் கிளஸ்டர்எஃப்எஸ் மென்பொருளை இரண்டு சர்வர்களில் நிறுவி, ஒவ்வொரு கோப்பும் இரண்டிலும் இருக்கும்படி ரெப்ளிகா 2 வால்யூம் (இணைந்த சேமிப்பிடம்) அமைத்திருக்கிறோம். அடுத்தடுத்து மின்தடை ஏற்பட்டதற்கு மறுநாள், சில கோப்புகள் மட்டும் 'இன்புட் அவுட்புட் எரர்' என்று காட்டித் திறக்க மறுக்கின்றன. டிஸ்க் பழுதாகிவிட்டதா?

— ஒரு வாசகர், பாரிமுனை

பதில்: டிஸ்க்கின் மீது சந்தேகப்படுவதற்கு முன், ஸ்பிளிட்-பிரெயின் நேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் சர்வர் அணைந்திருந்த நேரத்தில் ஒரு கோப்பு இரண்டாவதில் மட்டும் திருத்தப்பட்டு, பிறகு இரண்டாவது அணைந்து முதலாவது மட்டும் எழுந்திருந்த நேரத்தில் அதே கோப்பு அங்கேயும் திருத்தப்பட்டால், இரண்டு பிரதிகளும் 'என்னிடம் இருப்பதே சரி, மற்றது பழையது' என்று குறித்து வைத்துக்கொள்ளும். இருவரில் யாரை நம்புவது என்று தீர்மானிக்க வழியில்லாததால், தவறான பிரதியைத் தருவதைவிடத் தராமலிருப்பதே மேல் என்று கிளஸ்டர் கோப்பை மூடிவிடுகிறது. உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் அது செய்தது சரியான காரியம்.

பிரதிகளை ஒத்திசைத்துச் சரிசெய்யும் ஹீல் பணியின் நிலையைக் காட்டும் ஹீல் இன்ஃபோ கட்டளையோடு ஸ்பிளிட்-பிரெயின் என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் சிக்கிய கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். கடைசியாகத் திருத்தப்பட்ட பிரதி, அளவில் பெரிய பிரதி, குறிப்பிட்ட ஒரு சர்வரின் பிரதி என்று மூன்று வழிகளில் எதை ஏற்பது என நீங்கள் சொல்லலாம். மொத்தமாக 'கடைசியாகத் திருத்தப்பட்டதே சரி' என்று சொல்லிவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன திருத்தம் ஒரு பிரதியிலும் பெண் வீட்டார் சொன்னது மற்றதிலும் இருக்கக்கூடும். இரு சர்வர்களின் பிரிக் ஃபோல்டர்களிலிருந்தும் (வால்யூமுக்காகச் சர்வரில் ஒதுக்கிய ஃபோல்டரே பிரிக்) கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிரிக்கிலிருந்து படிக்கலாம், பிரிக்கில் நேரடியாக எதையும் எழுதவோ அழிக்கவோ கூடாது.

இனி இது நேராமல் இருக்க, மூன்றாவதாக ஓர் ஆர்பிட்டர் பிரிக் சேர்த்து வால்யூமை 'ரெப்ளிகா 3 ஆர்பிட்டர் 1' என்று மாற்றுங்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவருக்குச் சொத்தில் பங்கில்லை என்றாலும் யார் எப்போது கையெழுத்திட்டார் என்பது தெரிவதைப் போல, ஆர்பிட்டர் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக்கொள்ளாமல் அதன் பெயரையும் மாற்றக் குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒரு கோப்புக்கு 4 கேபி என்று கணக்கிட்டால் 10 லட்சம் கோப்புகளுக்கும் ஏறத்தாழ 4 ஜிபி போதும் என்பதால், ஓரமாகக் கிடக்கும் பழைய கணினியே இதற்குப் போதுமானது. மூன்றில் இரண்டு எழுந்திருந்தால்தான் எழுத முடியும் என்பது இந்த அமைப்பில் இயல்பாகவே நடைமுறைக்கு வந்துவிடும். அப்படி எழுந்திருக்கும் ஒரே தரவுப் பிரதி பழையது என்று ஆர்பிட்டருக்குத் தெரிந்தால், எழுதுவதை அது தடுத்துவிடும்.

மின்தடை பற்றி ஒன்று. ஒரு சர்வர் திடீரென்று மறைந்தால், வால்யூமைப் பயன்படுத்தும் கணினியிலுள்ள கிளையண்ட் மென்பொருள் 42 விநாடி வரை காத்திருந்த பிறகே அதைக் கைவிடும். பிங்-டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு அதுதான். அதை 5 விநாடியாகக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைப் பலர் பின்பற்றுகிறார்கள். அப்படிக் குறைத்தால், நெட்வொர்க் சற்றுத் திணறினாலே நல்ல சர்வரும் இறந்ததாகக் கருதப்பட்டு, இணைப்பு அறுவதும் ஹீல் ஓடுவதுமாக அலைக்கழியும். யூபிஎஸ் தீரும் முன் சர்வர் தானாக முறைப்படி அணையுமாறு ஏற்பாடு செய்வதே இதற்குத் தீர்வு.

கேள்வி: தண்டையார்பேட்டையில் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். ரெப்ளிகா 2 வால்யூமில் புதிதாக இரண்டு சர்வர்களைச் சேர்த்த பிறகும் வேகம் கூடவில்லை. பழைய டிஸ்க்குகள் நிரம்பி வழிகின்றன; புதியவை காலியாகவே இருக்கின்றன.

— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சர்வர்களைக் கூட்டினால் ஒரே கோப்பு வேகமாகும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். கிளஸ்டர்எஃப்எஸ்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் தனி சர்வர் கிடையாது. கோப்பின் பெயரிலிருந்து கிடைக்கும் ஹேஷ் எண்ணே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் கோப்பு முழுசாக உட்கார்ந்துகொள்கிறது. எனவே பத்துப் பேர் பத்துக் கோப்புகளில் வேலை செய்தால் சுமை பரவும். ஒருவர் ஒரு 80 ஜிபி கோப்பை எழுதினால் பரவாது. அதோடு, பிரதிகளை எழுதுவது சர்வர் அல்ல, உங்கள் எடிட்டிங் கணினியிலுள்ள கிளையண்ட்தான். ஒரு கிகாபிட் இணைப்பின் உச்சம் விநாடிக்கு 125 எம்பி. இரண்டு பிரதிகளையும் அதே கம்பியில் அனுப்புவதால் எழுதும் வேகம் 60 எம்பி அளவிலேயே நின்றுவிடும். எந்த ஆப்ஷனை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. 10 கிகாபிட் இணைப்புக்கு மாறுங்கள், அல்லது கணினியிலுள்ள எஸ்எஸ்டியில் எடிட் செய்து முடித்ததை மட்டும் வால்யூமுக்கு அனுப்புங்கள்.

டிஸ்க் காலியாக இருப்பதற்குக் காரணம் வேறு. எந்த ஹேஷ் எண்கள் எந்தப் பிரிக்குக்கு என்ற பங்கீடு ஒவ்வொரு ஃபோல்டரும் உருவாகும்போதே எழுதப்படுவதால், பழைய ஃபோல்டர்களில் போடும் புதிய கோப்புகளும் பழைய பிரிக்குகளுக்கே போகும். பங்கீட்டைப் புதிதாக எழுதிக் கோப்புகளை நகர்த்தும் ரீபேலன்ஸ் கட்டளையை இரவில் ஓட விடுங்கள். 'இடம் குறைந்தால் கிளஸ்டரே வேறிடம் பார்த்துக்கொள்ளும்' என்பதும் பாதி உண்மைதான். பிரிக்கில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இடம் குறைந்தால் புதிய கோப்பு வேறு பிரிக்குக்குப் போகும். ஏற்கெனவே அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் கோப்பு நகராது, நடுவழியில் இடமில்லை என்று நின்றுவிடும்.

கோப்பைத் துண்டு போடும் ஷார்டிங் வசதியை இதற்காக இயக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அது விர்ச்சுவல் மெஷின் கோப்புகளுக்கென்று வந்தது. தரவு ஏறிய பிறகு அதை அணைத்தால் கோப்புகள் சிதைந்துபோகும்.

கேள்வி: துறைமுகச் சரக்குகளுக்கான சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். லட்சக்கணக்கான ஸ்கேன் ஆவணங்கள் வால்யூமில் இருக்கின்றன. ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது. கேஷ் (தற்காலிக நினைவகம்) அளவை 4 ஜிபி ஆகவும், ஐஓ திரெட் (ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இயங்கும் பணியிழைகள்) எண்ணிக்கையை 64 ஆகவும் உயர்த்தியும் பயனில்லை.

— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: இரண்டையும் பழைய மதிப்புக்கே கொண்டுவாருங்கள். அந்த கேஷ், படித்த கோப்பின் உள்ளடக்கத்தை ஒவ்வொரு கிளையண்டின் நினைவகத்திலும் வைத்திருப்பதற்கானது; ஃபோல்டரைத் திறப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சுழலும் ஒற்றை டிஸ்க்குக்கு 64 திரெட் என்பதும் வரிசையை நீளமாக்குமே தவிர டிஸ்க்கை வேகப்படுத்தாது.

முதலில் செயல்களின் நேரத்தை அளக்கும் வால்யூம் புரொஃபைலை இயக்கி, அலுவல் நேரத்தில் சிறிது நேரம் ஓடவிட்டு, எந்தச் செயல் அதிக நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். லுக்-அப் (கோப்பைத் தேடிப் பார்க்கும் செயல்) பட்டியலில் மேலே நின்றால், ஒவ்வொரு ஆவணத்துக்கும் சர்வர்களிடம் போய்க் கேட்டு வருவதிலேயே நேரம் கழிகிறது என்று பொருள். மெட்டாடேட்டா-கேஷ் என்ற ஆப்ஷன் தொகுப்பை வால்யூமுக்கு ஒரே கட்டளையில் கொடுங்கள். கோப்புக் குறிப்புகளை 600 விநாடி நினைவில் வைப்பது, ஒருவர் மாற்றினால் மற்றவர்களின் நினைவிலிருப்பதைச் செல்லாததாக்குவது, 2 லட்சம் ஐநோடுகளை (கோப்புகளின் அடையாளப் பதிவுகளை) நினைவகத்தில் வைப்பது ஆகிய மூன்றும் அதில் சேர்ந்தே வரும். தனித்தனியாக இயக்கி, செல்லாததாக்கும் பகுதியை விட்டுவிட்டால் பக்கத்து மேசைக்காரர் பழைய நிலவரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அளந்து முடித்ததும் புரொஃபைலை நிறுத்த மறக்க வேண்டாம்.

ஒரே ஃபோல்டரில் எல்லாவற்றையும் குவிக்காமல் ஆண்டு, மாதம், பில் எண் என்று பிரிப்பது இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவும்.

கேள்வி: தரைத்தளத்தில் ஒரு சர்வர், முதல் மாடியில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். இதற்கு மேல் பேக்கப் வேண்டுமா?

— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்ததுபோல் மீண்டும் வந்தால் மாடியிலுள்ள பிரதி உங்களைக் காப்பாற்றும். ஆனால் ஊழியர் ஒருவர் கோப்பைத் தவறுதலாக அழித்தால், அதே நொடியில் இரண்டு தளங்களிலும் அழியும். வேறு இடத்திலுள்ள சர்வருக்கு ஜியோ-ரெப்ளிகேஷன் (தானாகப் பிரதி அனுப்புதல்) செய்தாலும் அழிப்பு சற்றுத் தாமதமாகவேனும் அங்கும் போய்ச் சேரும் என்பதால், தேதிவாரியாகப் பழைய நிலையைச் சேமிக்கும் தனி பேக்கப் மென்பொருளை வாரம் ஒரு முறையாவது ஓட்டி, அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள்.