மெட்டீரியல்ஸ் ஆய்வுக்கு எங்கே, எப்படித் தேடுவது: கேள்வி பதில்

நூலகத்திலும் இணையத்திலும் தேடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, டைட்டானியம் உலோகக்கலவையின் ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் களைத்து முறிவது) பற்றி எனக்கு புராஜெக்ட். கூகுள் ஸ்காலரில் போட்டால் மலைபோல் கட்டுரைகள் வருகின்றன. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கட்டுரையில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் நூலகத்துக்குப் போய் ஏ.எஸ்.எம். ஹேண்ட்புக் என்ற உலோகவியல் கைநூல் வரிசையை எடுங்கள். அதில் 19-ஆம் தொகுதி முழுக்க ஃபெட்டீக்கும் முறிவும்தான். 9-ஆம் தொகுதி மெட்டலோகிராஃபி (உலோகத்தின் நுண்ணமைப்பை நுண்ணோக்கியில் பார்ப்பது), 11 பழுதாய்வு, 13 அரிமானம். உங்களுக்கு வேண்டிய அத்தியாயத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தால், எந்தக் காரணிகள் முக்கியம், எந்தச் சொற்கள் புழக்கத்தில் உள்ளன என்று பிடிபட்டுவிடும். அதன் பிறகு அண்மையில் வந்த மறுஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலை வைத்துப் பின்னோக்கிப் போகலாம். அதில் திரும்பத் திரும்ப வரும் பழைய கட்டுரையைத் திறந்து, அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்த்து முன்னோக்கியும் வரலாம். ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றிலும் இந்த வசதி உண்டு. வெறும் தேடுசொல்லை நம்புவதைவிட இந்தச் சங்கிலி வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை சார். தேடினால் ஏழெட்டுக் கட்டுரைதான் வருகிறது. தலைப்பே புதுசு என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் பெயரில்தான் சிக்கல் இருக்கும். நம் துறையில் ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர். டிஐ-6ஏஎல்-4வி என்று நீங்கள் தேடும் டைட்டானியக் கலவையைச் சீனக் கட்டுரைகள் டிசி4 என்கும், பிரெஞ்சுக்காரர்கள் டிஏ6வி என்பார்கள், ரஷ்யத் தரத்தில் விடி6. கிரேடு 5 என்றும், யு.என்.எஸ். (கலவைகளுக்கான பொது எண்முறை) எண்ணான ஆர்56400 என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஐரோப்பியத் தரத்தில் 1.4404.

செய்முறைக்கும் இதே கதைதான். உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டும் முறையைச் சிலர் செலக்டிவ் லேசர் மெல்டிங் என்பார்கள், சிலர் டி.எம்.எல்.எஸ். என்பார்கள், தரநிலைப்படி அது லேசர் பவுடர் பெட் ஃப்யூஷன். ஒரு பெயரில் மட்டும் தேடினால் மற்றவை கண்ணிலேயே படாது. அதனால் தேடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி, நடுவில் ‘ஆர்’ (ஆங்கில OR) போட்டு, பல சொல் கொண்ட பெயர்களை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். அதற்குப் பிறகும் ஏழெட்டுத்தான் வருகிறதென்றால், அப்போது பேசுவோம் புதுசா இல்லையா என்று.

கேள்வி: எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) உச்சங்களை ஒப்பிட ஜே.சி.பி.டி.எஸ். கார்டு (ஒரு பொருளின் உச்சங்கள் எங்கே வரும் என்று சொல்லும் அட்டை) வேண்டும். எங்கள் துறையில் சந்தா இல்லை.

பதில்: அந்த அமைப்பு 1978-லேயே ஐ.சி.டி.டி. என்று பெயர் மாற்றிக்கொண்டது. கட்டுரைகளில்தான் பழைய பெயர் இன்னும் சாகவில்லை. அவர்களுடைய பி.டி.எஃப். (பவுடர் டிஃப்ராக்‌ஷன் ஃபைல்) தரவுத்தளம் காசுக்குத்தான். கனிமப் படிக அமைப்புகளுக்கான ஐ.சி.எஸ்.டி.யும் அப்படியே. இலவசமாக வேண்டுமென்றால் கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ் இருக்கிறது. அங்கே சி.ஐ.எஃப். (படிக அமைப்பு விவரம் அடங்கிய) கோப்பை இறக்கி, வெஸ்டா மென்பொருளில் போட்டால் பவுடர் பேட்டர்னை (உச்சங்களின் வரைபடத்தை) அதுவே வரைந்து தரும். வெஸ்டாவும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம்.

மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் தளத்திலிருந்து சி.ஐ.எஃப். எடுக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் அங்கே இருப்பது கணக்கிட்ட அமைப்பு, அளந்தது இல்லை. சிலிக்கனையே பாருங்கள். அளந்த அணிக்கோவை மாறிலி (லாட்டிஸ் கான்ஸ்டன்ட்) 5.431 ஆங்ஸ்ட்ராம். வழக்கமான பி.பி.இ. என்ற குவாண்டம் கணக்கீட்டு முறையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 5.47 வரும். தாமிர எக்ஸ்-கதிரில் 111 என்ற படிகத் தளத்தின் உச்சம் 28.44 பாகையில் வரவேண்டியது 28.24 பக்கம் நகர்ந்துவிடும். இது தெரியாமல் ஒப்பிட்டுவிட்டு, ‘நம் மாதிரியில் அணிக்கோவை சுருங்கியிருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த அமைப்புகள் சாத்தியம், எது நிலையானது என்று அலசுவதற்கு அந்தத் தளம் தங்கம். உச்சத்தின் இடத்தைப் பொருத்துவதற்கு அளந்த தரவுதான் வேண்டும்.

கேள்வி: இரும்பு-கார்பன் வரைபடத்தில் யூடெக்டாய்டு வெப்பநிலையை (ஆஸ்டெனைட் பெர்லைட்டாக மாறும் இடம்) ஒரு புத்தகம் 723 டிகிரி என்கிறது, இன்னொன்று 727. எதை எழுதுவது?

பதில்: 727. பழைய பாடநூல்களில் 723 இருக்கும். வேறு கலவைகளின் ஃபேஸ் டயகிராம் (இதுபோன்ற நிலை வரைபடம்) தேடுகிறவர்கள் ஏ.எஸ்.எம். 3-ஆம் தொகுதியையோ, மசால்ஸ்கி தொகுத்த இரட்டைக் கலவை வரைபடத் தொகுதிகளையோ பாருங்கள். அச்சைக் கவனியுங்கள். மேல் அச்சும் கீழ் அச்சும் எடைச் சதவீதமா, அணுச் சதவீதமா என்று மாறி மாறி வரும். அலுமினியத்தில் எடைப்படி 4 சதவீதத் தாமிரம் என்றால் அணுப்படி அது 1.7 சதவீதம்தான்.

கேள்வி: மேட்வெப் என்ற பொருள் பண்புத் தளத்தில் 7075 அலுமினியத்துக்குக் கிடைத்த எண்ணை அப்படியே வடிவமைப்புக் கணக்கில் போடலாமா?

பதில்: எந்த 7075? சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிய ஓ நிலையில் அதன் ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) 100 மெகாபாஸ்கலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். டி6 நிலையில் 500. வெப்பப் பதப்படுத்தலைச் சொல்லாத எண் எண்ணே இல்லை. அப்புறம், மேட்வெப் போன்ற இடங்களில் கிடைப்பது பெரும்பாலும் வகைமாதிரி மதிப்பு. ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க அது போதும். பாரம் தாங்கும் பாகத்துக்குப் புள்ளியியல் அடிப்படை வேண்டும். விமானத்துறையில் ஏ-அடிப்படை என்று ஒரு மதிப்பு உண்டு: 99 சதவீதப் பொருள் அதைத் தாண்டும் என்று 95 சதவீத நம்பகத்தோடு சொல்லக்கூடியது. எம்.எம்.பி.டி.எஸ். கைநூலில் இப்படித்தான் இருக்கும். அது காசுக்கு. ஆனால் அதன் முன்னோடியான எம்.ஐ.எல்.-ஹெச்.டி.பி.கே.-5ஜே (2003) இலவசமாகக் கிடைக்கிறது. கற்றுக்கொள்வதற்கு அதுவே தாராளம், சான்றிதழ் வேலைக்கு மட்டும் ஆகாது.

கேள்வி: ஏ.எஸ்.டி.எம். தரநிலைகள் (பொருள்களைச் சோதிக்கும் முறைகளுக்கானவை) இலவசமாக எங்கே கிடைக்கும்?

பதில்: பெரும்பாலானவை நியாயமான வழியில் இலவசமாகக் கிடைக்காது. நூலகச் சந்தாவில் பாருங்கள். இணையத்தில் உலாவும் பி.டி.எஃப்.கள் பெரும்பாலும் பழைய பதிப்பு. இழுவிசைச் சோதனைக்கு ஈ8 என்று மட்டும் எழுதாமல் பதிப்பாண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: கட்டுரையைத் திறந்தாலே பணம் கேட்கிறது. என்ன செய்வது சார்?

பதில்: முதலில் அன்பேவால் நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாக எங்காவது பிரதி இருந்தால் காட்டிவிடும். ஸ்காலரில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதைச் சொடுக்கிப் பாருங்கள். ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் முன்பதிப்பு இருக்கலாம். அமெரிக்க எரிசக்தித் துறைப் பணத்தில் நடந்த ஆய்வென்றால் ஓஸ்டி, நாசா அறிக்கையென்றால் என்.டி.ஆர்.எஸ். எதுவும் கைகொடுக்கவில்லையா, ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், நிறையப் பேர் அனுப்பிவிடுவார்கள். நூலகங்களுக்கிடையே இரவல் வாங்கித் தரும் ஏற்பாடும் இருக்கிறது. நூலகரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு கொடுத்த பட்டியலில் ஒரு கட்டுரையைத் தேடித் தேடிக் கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது, அது இல்லாத கட்டுரையாகவே இருக்கும். டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) க்ராஸ்ரெஃப் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருந்தும் வேறு தலைப்பு திறக்கிறதென்றால் அந்தப் பட்டியல் மொத்தத்தையும் சந்தேகப்படுங்கள். உண்மையான கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவில் பார்த்துவிடலாம்.

கேள்வி: காப்புரிமைகளையும் படிக்க வேண்டுமா?

பதில்: கலவை விகிதமும் வெப்பப் பதப்படுத்தலும் உங்கள் ஆய்வில் இருந்தால் கட்டாயம். ஆலைகளில் நடக்கும் பல விஷயங்கள் ஆய்விதழுக்கு வருவதே இல்லை. எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தில் வகைப்பாட்டுக் குறியீட்டால் தேடுங்கள்: உலோகக் கலவைகளுக்கு சி22சி, எஃகின் வெப்பப் பதப்படுத்தலுக்கு சி21டி, செராமிக்குக்கு சி04பி. உரிமைகோரலை விட்டுவிட்டு நேரே எடுத்துக்காட்டு அட்டவணைகளுக்குப் போங்கள், எண்கள் அங்கேதான். ஒன்று மட்டும்: விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். இன்று தேடி ஒன்றும் இல்லையென்று வந்தாலும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அதே தேடலை இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள்.