பையைக் கொடுத்தனுப்பியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் 'ஒற்றை ஏணி' கதையை எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தோம். மூன்று பேருக்கும் மூன்று முடிவு. மாதவன் ஏற்காட்டுத் தோட்டத்தில் மிளகு பறிப்பவன். பனி இறங்கிய ஒரு தை மாத மாலையில் ஏணி மரத்தில் சாய்ந்து நிற்கிறது, ஆளைக் காணோம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் செல்வி இரண்டு வருடம் காத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஏற்காடு பஸ்ஸின் நடத்துநர் ஒரு மஞ்சள் பையை அவளிடம் கொடுக்கிறார். உள்ளே காப்பிக்கொட்டையும் ஒரு பிடி பச்சை மிளகும். பெயர் இல்லை, சீட்டு இல்லை. அத்தோடு நிறுத்திவிட்டீர்கள்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்பது என் கட்சி. பச்சை மிளகு ஊறுகாய் அவளுக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத்தானே தெரியும்? அவன் செத்துவிட்டான், பையை அனுப்பியது அவன் அம்மா என்கிறார் என் கணவர். "எழுதியவருக்கே தெரியாது, அதனால்தான் நிறுத்திவிட்டார்" என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?

இன்னொன்று. ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. நீங்கள் 22 என்று எழுதியிருக்கிறீர்கள்.

க., அஸ்தம்பட்டி

*

அன்புள்ள க.,

வளைவுகள் 20தான். சிறு வயதில் ஒவ்வொரு முறையும் எண்ணத் தொடங்கி, பாதி மலையில் வாந்தி எடுத்துக் கணக்கை விட்டவன் நான். அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன்.

மாதவன் விஷயத்தில் நீங்கள் மூன்று பேரும் தனியாக இல்லை. மலையில் மிளகு பறிக்கும் ஒருவரிடம் கதையைச் சொன்னேன். சில்வர் ஓக் மரத்தில் கொடி எவ்வளவு உயரம் ஏறும், ஒற்றை மூங்கில் ஏணியில் கால் எப்படி நிற்கும் என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏணி நிற்கிறதா, விழுந்து கிடக்கிறதா?" என்றார். நிற்கிறது என்றேன். "அப்படியானால் இறங்கித்தான் போயிருக்கிறான். விழுகிறவன் ஏணியை விட்டுவிட்டு விழமாட்டான்" என்று முடித்துவிட்டார். காதல், கண்ணீர் எதுவும் அவருக்குச் சாட்சியாகப் படவில்லை.

கொலுசுப் பட்டறையில் வாசித்துக் காட்டியபோது தீர்ப்பு நேர் எதிராக வந்தது. சலங்கை மணிகளைக் கோத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "செத்துத்தான் போயிருப்பான். உயிரோடு இருந்தால் பையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியிருப்பான்." பட்டறையே சிரித்தது. ஆனால் அந்த அம்மாள் வேடிக்கைக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் ஆண்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். அவரவர் கையில் இருக்கும் தராசில்தான் அவரவர் மாதவனை நிறுக்கிறார்கள். உங்கள் கணவர் சட்டென்று அம்மாவை நினைத்ததும் அப்படித்தான். தன் அம்மா எதை யாருக்குக் கொடுத்தனுப்புவார் என்பது மகனுக்குத் தெரியாதா?

உங்கள் மகளுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் பாதி பிடித்துவிட்டாள். முதல் வடிவத்தில் மாதவன் இறந்துவிட்டான். மரத்துக்குக் கீழே சரிவில் உடல் கிடைக்கிறது, அடையாளம் காட்டச் செல்வியை வரச் சொல்கிறார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் கடைசி இரண்டு பக்கமும் காவலர்கள் கையில் இருந்தன. பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை, ஆம்புலன்ஸ். செல்வி ஓர் ஓரமாக நிற்கிறாள், அவ்வளவுதான். உடலை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் எனக்கும் காணாமல் போனவன்தான். அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தால், அது அவளை ஏமாற்றும் வேலையாக இருக்கும்.

இதில் நான் முன்னோடியும் கிடையாது. ஆட்டனத்தி என்ற நடனக்காரனைக் காவிரி இழுத்துக்கொண்டு போனது. மேட்டூர் வழியாக நம் சேலம் மாவட்டத்தைத் தொட்டுப் போகும் அதே காவிரிதான். அவன் காதலி ஆதிமந்தியார் பெயரில் வரும் குறுந்தொகை 31ஆம் பாட்டில் அவள் விழாக்கூட்டங்களிலும் துணங்கை ஆடும் இடங்களிலும் தேடுகிறாள். "யாண்டும் காணேன் மாண்தக் கோனை", அந்தப் பெருமைக்குரியவனை எங்கும் காணவில்லை என்கிறாள். வளை நெகிழ்கிறது. கிடைத்தானா என்ற பேச்சே அந்தப் பாட்டில் இல்லை. பிறகு வந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கடலே அவனைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்திவிடுகிறது. அகநானூறு 222இல் பரணர் மருதி என்றொருத்தியைக் கொண்டுவருகிறார். அவள் ஆதிமந்திக்குக் காதலனைக் காட்டிவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள். எனக்கு இதில் பிடித்தது பரணரின் கணக்கு. ஒருவனைக் கரையேற்ற வேண்டுமென்றால் இன்னொருத்தியைக் கொடுத்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் இளங்கோ கட்சி என்று நினைக்கிறேன்.

என் பெரியப்பா மிளகு வாங்க மலைக்குப் போனவர், திரும்பவில்லை. கதைக்கு விதை அதுதான், இதுவரை எங்கும் சொன்னதில்லை. ஏழு வருடம் கழித்து நிலத்தைப் பெயர் மாற்றுவதற்காகப் பெரியம்மாவை ஒரு வக்கீலிடம் அழைத்துப்போனோம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவை அவர் பொறுமையாக விளக்கினார். சேதி தெரிந்திருக்க வேண்டிய நெருங்கியவர்களுக்கு ஏழு வருடமாக எந்தச் சேதியும் இல்லையென்றால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பெரியம்மா கேட்டார்: "அதை நான் சொன்னால்?"

வக்கீல் பேனாவை மூடித் திறந்தார். பிறகு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டினார். பெரியம்மா போட்டார். வெளியே வந்து, பூக்காரியிடம் பேரம் பேசி, இரண்டு முழம் குண்டுமல்லி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்புடன்,
ஆசிரியர்