சாரிசார்டு கார்டில் இலை போட்டிருந்தால் டூப்ளிகேட்டா?

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பத்து வயது மகன் போக்கிமான் கார்டு ஆடுகிறான். மாமா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சாரிசார்டு இஎக்ஸ் (சாரிசார்டு என்ற நெருப்புப் போக்கிமானின் பலம் கூடிய வகை) கார்டில், மேலே வலது மூலையில் தீச்சின்னம் இல்லாமல் கருப்பு வட்டத்துக்குள் பிறை மாதிரி ஒன்று இருக்கிறது. கீழே வீக்னஸ் (பலவீனம்) என்ற இடத்தில் தண்ணீர்த்துளிக்குப் பதில் இலை. மதுரையில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "நெருப்புக்குத் தண்ணிதாம்மா ஆகாது, இது டூப்ளிகேட்டு, வேணும்னா 300 ரூபாய்க்கு நான் எடுத்துக்கிறேன்" என்றாராம் கடைக்காரர். இது போதாதென்று அதே கார்டால் பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை வேறு. தாக்குவதற்குச் செருகும் எனர்ஜி கார்டில் நெருப்பு இரண்டு போட்டு, 310 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உள்ள ஒரு இலை போக்கிமானை இவன் அடித்திருக்கிறான். அடி இரட்டிப்பு என்று இவன், இல்லை என்று அவன். கடைசியில் அழுகை. கார்டு அசலா, பையன் சொன்னது சரியா என்று கேட்கிறார்.

அம்மா, அந்தக் கார்டு டூப்ளிகேட் என்பதற்கு இலை ஆதாரமே கிடையாது. அசல் கார்டிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். சண்டையில் மட்டும் உங்கள் பையன் சொன்னது தப்பு, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதுதான் சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கார்டைக் கையில் எடுங்கள். மேலே வலது மூலையில், ஹெச்பி எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னம்தான் அந்தப் போக்கிமானின் டைப், அதாவது நெருப்பு, தண்ணீர், இலை மாதிரியான வகை. நடுவில், ஒவ்வொரு தாக்குதலின் பெயருக்கு முன்னால் இருக்கும் சின்னங்கள் அந்தத் தாக்குதலுக்கு ஆகும் எனர்ஜி செலவு. கீழே இடது பக்கம் இருப்பது வீக்னஸ், அதாவது எந்த டைப் வந்து அடித்தால் இதற்கு இரட்டிப்பாக வலிக்கும் என்பது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். அடி இரட்டிப்பா இல்லையா என்று முடிவு செய்ய, அடிக்கிற போக்கிமானின் மேல் மூலையையும் அடி வாங்குகிறதன் கீழ் மூலையையும் மட்டும் பார்த்தால் போதும். நடுவில் என்ன எனர்ஜி செருகியிருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது. விறகடுப்பில் வைத்தாலும் கேஸில் வைத்தாலும் சாம்பார் சாம்பார்தானே, எனர்ஜி வெறும் விறகு.

உங்கள் பையனின் சாரிசார்டு நெருப்பு எனர்ஜியில் ஓடுகிறது, ஆனால் அது நெருப்பு டைப் இல்லை, இருள் டைப். இலை போக்கிமானுக்கு ஆகாதது நெருப்பு டைப். அதனால் அடி இரட்டிப்பாகாது, அவ்வளவுதான்.

சரி, சாரிசார்டு எப்படி இருள் ஆனது? இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு கார்டை வைத்து ஊரில் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று எனக்குக் கணக்கே இல்லை. 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட் வீடியோ கேம்களில் டெரா என்று ஒரு சமாச்சாரம் கொண்டுவந்தார்கள். போக்கிமான் படிகம் மாதிரி பளபளத்து, தன் டைப்பையே மாற்றிக்கொள்ளும். அதைக் கார்டிலும் காட்ட வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் வந்த அப்சிடியன் ஃப்ளேம்ஸ் என்ற செட்டில் (கார்டுத் தொகுப்பில்) சாரிசார்டு இஎக்ஸை இருள் டைப்பாக அச்சடித்தார்கள். கேமில் இருள் டைப்புக்கு ஆகாதவற்றில் ஒன்று பூச்சி. கார்டில் பூச்சிக்கென்று தனிச் சின்னம் கிடையாது, அதை இலைக்குள் போட்டு அடைத்துவிட்டார்கள். அதனால்தான் இருள் சாரிசார்டின் கீழ் மூலையில் இலை. ஆனால் தாக்குதலுக்கு வேண்டியது பழையபடி இரண்டு நெருப்பு எனர்ஜிதான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று சின்னமும் மூன்று கதை சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளை எப்படிக் குழம்பாமல் இருப்பான்?

வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாதமே, 2023 செப்டம்பரில், 151 என்ற செட்டில் இன்னொரு சாரிசார்டு இஎக்ஸ் வந்தது. அதே பெயர், அதே 330 ஹெச்பி, ஆனால் அது நெருப்பு டைப், வீக்னஸ் தண்ணீர். கடைக்காரர் அதைப் பார்த்திருப்பார், அதை வைத்து உங்களுடையதைப் பொய் என்கிறார். அல்லது அவருக்கு எல்லாம் தெரிந்தே சொல்கிறார். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். டூப்ளிகேட் என்றால் அதை ஏன் அம்மா அவர் 300 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும்?

அந்த ஆட்டத்தையே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் சாரிசார்டின் அடி 180. எதிராளி அதுவரை எடுத்த ஒவ்வொரு பரிசுக் கார்டுக்கும் (நம் போக்கிமானை வீழ்த்தினால் அவர் எடுப்பது) 30 கூடும். இரண்டு எடுத்திருந்தால் 240. எதிரே 310 ஹெச்பி இலை போக்கிமான், 70 மிச்சம் வைத்துக்கொண்டு நின்றிருக்கும். உங்கள் பையன் 480 என்று நினைத்திருப்பான். இதே 240-ஐ இருளை வீக்னஸாகக் கொண்ட கார்டுவார் இஎக்ஸ் மேல் அடித்திருந்தால் உண்மையாகவே 480, அதன் 310 ஹெச்பி அந்த இடத்திலேயே காலி. முதலில் கூட்டல், அப்புறம்தான் இரட்டிப்பு, இந்த வரிசையை மாற்றக்கூடாது. திருப்பி அந்த இலை போக்கிமான் இவனை 170 அடித்தாலே 340 ஆகி, 330 ஹெச்பி சாரிசார்டு போய்விடும். ஆக, இலை போக்கிமான் எதிரே நிற்கும்போது இந்தக் கார்டை முன்னால் நிறுத்துவதே தப்பு. இதைப் பையனிடம் சொல்லுங்கள், அடுத்த ஆட்டத்துக்கு உதவும்.

இன்னொரு சிறு விஷயம். முன்னால் நிற்கும் போக்கிமானுக்குத்தான் வீக்னஸ் கணக்கு. பின்னால் பென்ச்சில் உட்கார்ந்திருப்பதற்கு அடி விழுந்தால் இரட்டிப்பு கிடையாது. ரெசிஸ்டன்ஸ் இதற்கு நேர் எதிர், இப்போதைய கார்டுகளில் 30 குறையும். உங்கள் சாரிசார்டுக்கு அது இல்லவே இல்லை, விட்டுவிடலாம்.

இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. வீடியோ கேமில் 18 டைப். கார்டில் இப்போது பத்துதான். பாறையும் மண்ணும் சண்டை டைப்புக்குள், பனி தண்ணீருக்குள், பேய் சைக்கிக் என்ற மனோசக்தி டைப்புக்குள். இதிலும் நிலையாக இருக்கிறார்களா என்றால் இல்லை. விஷம் முதலில் இலைக்குள் இருந்தது, அப்புறம் பல வருஷம் சைக்கிக் டைப்புக்குள், 2020-இல் தூக்கி இருளுக்குள் போட்டார்கள். அண்ணன் வைத்திருக்கும் பழைய ஈக்கன்ஸ் பாம்பு இலை, தம்பி பாக்கெட்டில் வந்த ஈக்கன்ஸ் இருள். இரண்டும் அசல். தேவதை டைப்பைக் கொண்டுவந்து சில வருஷம் ஓட்டி, அதே 2020-இல் சைக்கிக் டைப்புக்குள் கரைத்துவிட்டார்கள். போனில் வரும் போக்கிமான் பாக்கெட் விளையாட்டில் வீக்னஸ் இரட்டிப்பே இல்லை, 20 மட்டும் கூடும். அதை ஆடிவிட்டு வருகிற பிள்ளை நிஜக் கார்டிலும் 20 என்று அடம்பிடிக்கும். அதுவும் பொய் சொல்லவில்லை, பாவம். தாய்லாந்து மொழியில் கார்டு அடிக்கிறார்கள், இந்தோனேசிய மொழியில் அடிக்கிறார்கள், நமக்கு விதிகளைத் தமிழில் இரண்டு பக்கம் போடக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் கடைக்காரர்கள் புகுந்து விளையாடுகிறார்கள்.

போன சித்திரைத் திருவிழாச் சமயம் ஒரு பையன் தெருவோரத்தில் வாங்கிய தங்க நிறக் கார்டு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். 55 கார்டு. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பினோம். எல்லாமே 200, 300 ஹெச்பி போட்ட பெரிய போக்கிமான்கள், எனர்ஜி கார்டு ஒன்றுகூட இல்லை. எனர்ஜி இல்லாமல் எதை வைத்து அடிப்பது? அதில் ஒரு பிகாச்சு கார்டில், போக்கிமான் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ஈ எழுத்தின் தலையில் வரும் சின்னக் கோடும் காணோம். டூப்ளிகேட் என்றால் அது. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

ஆகவே உங்கள் கார்டைச் சோதிக்க டைப்பையும் வீக்னஸையும் வைத்து மண்டையை உடைக்காதீர்கள். கீழே இடது ஓரத்தில் பொடி எழுத்தில் எண் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டியிருக்கலாம். ஓபிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் 125/197 என்றும் இருந்தால் நான் சொன்ன இருள் சாரிசார்டு அதுதான். அதோடு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். சந்தேகமில்லாத ஒரு சாதாரணக் கார்டைப் பக்கத்தில் வைத்து முதுகுப் பக்கத்து நீலத்தை ஒப்பிடுங்கள். இரண்டையும் போன் டார்ச் முன்னால் பிடியுங்கள், டூப்ளிகேட்டில் பெரும்பாலும் வெளிச்சம் ஏகத்துக்கு ஊடுருவும்.

125 என்றால் பொக்கிஷம் ஒன்றும் இல்லை, வைத்து ஆடட்டும். எண் 223 மாதிரி 197-ஐத் தாண்டிப் போயிருந்தால் மட்டும், அது சிறப்பு அச்சு, சேகரிப்பவர்கள் தேடுவது. அப்போது ஆடவிடாமல் ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டு வைத்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பி கிரேடிங் (கார்டின் தரத்துக்கு மதிப்பெண்) வாங்கித் தருகிறேன், கார்டோடு முன்பணமும் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார், கண்டிப்பாக வருவார். அவரிடம் இரண்டையும் கொடுத்துவிட்டு நம்பரும் அணைந்துபோய் என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "இந்தப் பாக்கெட்டில் பெரிய கார்டு இருக்கு, எடை போட்டுப் பார்த்துட்டேன்" என்று தனிப் பாக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பவரிடமும் வாங்காதீர்கள். எடை போட்டவர் நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விற்பார். ஒட்டு லேசாகச் சுருங்கியோ பசை வெளியே தெரிந்தோ இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

எண் வேறு ஏதாவது இருந்தால் முன்பக்கம், பின்பக்கம், கீழ் ஓரம் என்று மூன்று படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்தக் கடைக்கு ஸ்லீவ் வாங்கப் போனாலும் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த முறை 300 என்றவர் அடுத்த முறை 500 என்பார்.