கனடாவில் கடை திறந்திருக்கிறது, போகலாமா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 64. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் ஆகஸ்டில் நானும் என் மனைவியும் டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிறோம். "அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது, முட்டிவலிக்கும் தூக்கத்துக்கும் நல்லது, வாங்கித் தருகிறேன் மாமா" என்று மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னார். எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் வாங்கலாமா? வம்பு ஏதும் வருமா? என்னைப் போலவே முட்டிவலியால் அவதிப்படும் நண்பர் ஒருவருக்கு மிட்டாய் வடிவில் இரண்டு பாக்கெட் கொண்டுவரலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பெயர் வேண்டாம்.
(கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்)

பதில்: அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஜெயில் இருப்பது அதில்தான். கொண்டுவரக் கூடாது. இரண்டு பாக்கெட் என்ன, ஒரு துண்டுகூடக் கூடாது. கனடாவை விட்டுக் கஞ்சாவை எந்த வடிவில் எடுத்துச் சென்றாலும் அந்த நாட்டுச் சட்டப்படியே அது குற்றம். துபாய், அபுதாபி வழியாக வந்தால் நடுவில் இன்னொரு கடுமையான சட்டம். பெங்களூருவில் இறங்கினால் நம்முடைய 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். "ஒரு கிலோவுக்குள் இருந்தால் விட்டுவிடுவார்களாம்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்று வகுத்திருப்பது உண்மை. அந்தச் சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்பதை டீக்கடையில் சொல்வதில்லை. போகும்போது நிப்பட்டு கொண்டுபோனோம், வரும்போது அங்கிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டுமே என்று தோன்றுவது இயல்புதான். நண்பருக்கு மேப்பிள் பாகு ஒரு புட்டி போதும்.

இனி முதல் கேள்வி. வாங்கலாம். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டப்படி சரி. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். குடிமகனா, விருந்தாளியா என்ற பேதம் இல்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 19 வயதுக்குக் கீழ் யாரும் கடைக்குள் நுழையவே முடியாது என்பதால், பேரனை உலாவ அழைத்துப் போகிற சாக்கில் எட்டிப்பார்க்கலாம் என்ற திட்டம் இருந்தால் கைவிடுங்கள். பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு, உலர்ந்த பூவாக 30 கிராம். உங்களுக்கு அதில் முப்பதில் ஒரு பங்குகூட வேண்டியிருக்காது.

கடையிலும் அசல், போலி உண்டு. உரிமம் பெற்ற கடையின் வாசலில் மாகாண அரசின் அங்கீகார முத்திரை ஒட்டியிருக்கும். பொட்டலத்தில் வரி வில்லையும், சிவப்பு எண்கோணத்துக்குள் இலைப்படமும் இருக்கும். இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு பாக்கெட் முழுவதற்குமே 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது. டி.எச்.சி. என்பதுதான் கிறக்கம் தரும் சரக்கு. பளபளவென்ற பையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது கள்ளச்சரக்கு. விலை மலிவு என்று மாப்பிள்ளை சொன்னாலும் வேண்டாம்.

கடைக்குப் போய் வாங்குவது சுலபம். வீட்டுக்கு வந்து வாயில் போட்டபிறகுதான் சங்கதி தொடங்குகிறது. இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிரிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு மிட்டாயில் பாதியைத் தின்றேன். அதற்கு அங்கே கம்மி என்று பெயர். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. "இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று மீதிப் பாதியையும், மேற்கொண்டு முழுசாக இன்னொன்றையும் தின்றேன். அடுத்த முக்கால் மணி நேரத்தில் எல்லாம் சேர்ந்து வந்தது. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது என்று தங்கையிடம் மூன்று முறை புகார் செய்தேனாம். நெஞ்சு படபடத்தது, வாய் வறண்டது, எழுந்தால் தரை சாய்ந்தது. மறுநாள் மதியம் வரை மந்தமாகக் கிடந்தேன். இதில் கடையின் பிழை ஒன்றும் இல்லை. உறையில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை.

புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. முழு வேகம் பிடிக்க நான்கு மணி நேரம்கூட ஆகலாம், பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். வயிற்றில் செரித்து, கல்லீரல் வழியாகப் போய்த்தான் மூளைக்கு ஏறுகிறது. அதனால்தான் இந்தத் தாமதம். முதல் முறை இரண்டரை மில்லிகிராமைத் தாண்டாதீர்கள். அன்றைக்கு இரண்டாவது தவணையே கிடையாது. பெயரே கம்மி, கம்மியாகத்தான் தின்ன வேண்டும். கூடவே பீரோ விஸ்கியோ வேண்டாம். ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட அதியமானின் சீமைக்காரர்கள் நாம், ஆனாலும் இரண்டையும் கலந்தால் தலைசுற்றலும் வாந்தியும்தான் மிச்சம்.

முட்டிவலி பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நரம்பு சார்ந்த நாள்பட்ட வலியில் சிலருக்கு இது ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. தேய்ந்துபோன முட்டிக்கு அப்படி உறுதியான சான்று இல்லை. கடையில் நிற்கும் பையன் மருத்துவர் அல்ல. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால், அல்லது இதயக் கோளாறு இருந்தால், தொடாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் சட்டென்று எழும்போது தலை சுற்றி விழலாம். முட்டிவலிக்குப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டு வந்த கதையாகிவிடும். கிளம்புமுன் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கனடா போகிறேன் என்று சொல்லித்தானே கேட்கப்போகிறீர்கள்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டால் அன்று அவர் கார் சாவியைத் தொடக் கூடாது, நீங்கள் அந்தக் காரில் ஏறவும் கூடாது. போதையில் வண்டி ஓட்டுவதற்கு 2018 டிசம்பர் முதல் அங்கே உச்ச தண்டனை பத்தாண்டு. அதனால் குடியேற்றச் சட்டத்தில் அது கடுங்குற்றங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அவர் இன்னும் குடியுரிமை பெறாமல் நிரந்தர வசிப்பாளராக மட்டும் இருந்தால், ஒரு மாலை நேர விளையாட்டில் மகளின் குடும்பமே ஊரைக் காலிசெய்ய வேண்டிய நிலை வரலாம். வாங்கிய பொட்டலத்தையும் பிரிக்காமல் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதே நல்லது.

டொராண்டோ போகிறவர்கள் நயாகரா பார்க்காமல் வருவதில்லை. கனடாப் பக்கம் நின்று பார்த்தால் கவலை இல்லை. பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போவதாக இருந்தால், இந்தப் பயணத்தில் கஞ்சாவையே மறந்துவிடுங்கள். அந்தப் பக்கம் இருக்கும் நியூயார்க் மாகாணம் 2021-இல் கஞ்சாவை அனுமதித்துவிட்டது, ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரி மத்திய அரசின் ஆள். அந்த அரசுக்கு அது இன்னமும் தடைசெய்த போதைப்பொருள். "எப்போதாவது பயன்படுத்தியது உண்டா" என்று அவர் கேட்டால், ஆமாம் என்றால் திருப்பி அனுப்பக்கூடும். பொய் சொன்னால் அதைவிட மோசம். இல்லை என்று உண்மையாகவே சொல்லும் நிலையில் இருப்பதுதான் நிம்மதி. வாங்கிய விவரம் பிற நாடுகளுக்குத் தெரிந்துவிடக்கூடும் என்பதால், வாங்குகிறவர்கள் கடன் அட்டையைத் தவிர்த்து ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று கனடாவின் தனியுரிமை ஆணையரே 2018-இல் யோசனை சொல்லியிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேரக் குழந்தைகள் இருந்தால், மிட்டாய் வடிவத்தையே விட்டுவிடச் சொல்வேன். குழந்தைக்கு மிட்டாய் மிட்டாய்தான். மாத்திரையாகவோ எண்ணெயாகவோ கிடைக்கிறது, அதை வாங்கிப் பூட்டிவையுங்கள். பூட்டும் அலமாரி இல்லை என்றால் வாங்காதீர்கள். புகைப்பதானால் சிகரெட் பிடிக்க அனுமதி உள்ள இடத்தில் மட்டும்தான். அடுக்குமாடியில் அதற்கும் தனி விதி இருக்கலாம், மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விமானம் ஏறுமுன் சொல்லிவிடுங்கள். கடிகாரம் நின்றுவிட்டது என்று நீங்கள் மூன்றாவது முறையாகப் புகார் செய்யும்போது, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கப்போவது அவர்தான்.