தொடை இடுக்கில் நெறி கட்டினால்

எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். கால் பெருவிரலில் துருப்பிடித்த ஆணி குத்திய நான்காம் நாள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது, புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அந்தப் புண்தான்.

இதயம் தள்ளும் இரத்தத்திலிருந்து நுண்குழாய்களின் வழியே கசியும் நீர் முழுவதும் இரத்தத்துக்கு உடனே திரும்புவதில்லை. மிஞ்சுவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர், நிணநீராகத் தனிக் குழாய்களில் ஏறிக் கழுத்தடியிலுள்ள சிரைகளில் கலக்கிறது. அதைத் தள்ள இதயம் இல்லை. குழாய்ச் சுவரின் சுருக்கமும், நடக்கும்போது இறுகும் தசைகளும், உள்ளிருக்கும் வால்வுகளுமே மேலேற்றுகின்றன. வழியில் உள்ள நிணநீர் முடிச்சுகள் சோதனைச்சாவடிகள். பெருவிரலிலிருந்து வரும் கிருமிகள் தொடை இடுக்கில் சிக்குகின்றன. அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால்தான் முடிச்சு வீங்கி வலிக்கிறது. (குதிகாலின் வெளிப்பக்கம் குத்தியிருந்தால் முழங்காலின் பின்புறம் முதலில் வீங்கியிருக்கலாம்.)

புண் ஆறினால் வீக்கம் சில வாரங்களில் வடியும். ஆனால் காலில் சிவப்புக் கோடு ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, முடிச்சு சீழ்பிடித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இந்த அறிகுறிகளுக்காகக்கூடக் காத்திருக்காதீர்கள். வலியின்றிக் கல்லாக இறுகி ஒரு மாதம் கடந்தும் நின்றால் பரிசோதனை தேவை.

டெட்டனஸ் ஊசி போட்டீர்களா? எழுதவில்லையே. கடந்த 5 ஆண்டுகளில் போடவில்லை என்றால் இன்றே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நெறியைவிட எனக்கு அதுதான் கவலை.