சட்டம் கேளுங்கள்: பர்மிட் இல்லாமல் தப்பி வந்த பெண்ணுக்கு யார் துணை?

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்த பெண், மூன்று நாள்களுக்கு முன் விடியற்காலையில் எங்கள் கதவைத் தட்டினாள். விழுப்புரம் பக்கத்துப் பெண். ஏஜென்ட் ஒருவர் சுற்றுப்பயணியாக அழைத்து வந்து, வந்தபின் பர்மிட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு மாதமாகச் சம்பளமே இல்லை. கேட்டால், 'உன்னைக் கொண்டுவந்த செலவு முதலில் கழியட்டும்' என்பார்களாம். பாஸ்போர்ட் அந்த வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. போலீஸ் என்று சொன்னாலே அழுகிறாள். அவளை வைத்திருப்பதற்காக எங்கள் மீதும் வழக்கு வருமோ என்று என் கணவர் பயப்படுகிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, கதவைத் திறந்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. உங்கள் கணவரின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அனுமதியின்றித் தங்கியிருப்பவர் என்று தெரிந்தே ஒருவருக்கு இடம் கொடுப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் குற்றம். அபராதமே 10,000 ரிங்கிட்டில் தொடங்குகிறது, சிறையும் உண்டு. ஆகவே அவளை வாரக்கணக்கில் ஒளித்து வைக்காதீர்கள். ஆனால், 'நீயே எங்காவது போய்க்கொள்' என்று அனுப்பிவிடவும் வேண்டாம். இதற்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது.

2007ஆம் ஆண்டின் மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம், அதாவது 670ஆம் எண் சட்டம், தன் 25ஆம் பிரிவில், கடத்தலுக்கு ஆளான ஒருவர் அந்தக் கடத்தலின் நேரடி விளைவாக நாட்டுக்குள் சட்டவிரோதமாக நுழைந்திருந்தாலோ, அனுமதியின்றித் தங்கியிருந்தாலோ, போலிப் பயண ஆவணம் வைத்திருந்தாலோ, அதற்காக அவர்மீது குற்றவழக்குத் தொடரக் கூடாது என்கிறது. 'அவள் விரும்பித்தானே விமானம் ஏறினாள்?' என்று முதலாளி தரப்பு கேட்கும். அந்தச் சம்மதம் வழக்கில் எதிர்வாதம் ஆகாது என்று 16ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. ஏமாற்றிக் கொண்டுவந்து, கடனைக் காட்டிப் பிடித்துவைத்து, கூலியில்லாமல் வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. அந்த உழைப்புக்காக ஆளைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் இச்சட்டத்தின்படி கடத்தல்தான்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வந்து அவள் தோளில் உட்காராது. அதிகாரி ஒருவர் அவளைக் கடத்தலுக்கு ஆளானவராக இருக்கலாம் என்று சந்தேகித்தால்தான் இந்தச் சட்டத்தின் கதவு திறக்கும். இல்லையென்றால் பர்மிட் இல்லாத இன்னொரு ஆளாகவே அவள் பெயர் பதிவேட்டில் ஏறும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிமன்றத்தில் நான் வேறொரு வழக்குக்காகக் காத்திருந்தபோது, ஏறத்தாழ இருபது வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு மலாய் மொழியில் வாசிக்கப்பட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்து சேரவில்லை. யாரோ கையசைத்துக் காட்டிய குறிப்பைப் பார்த்து அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலே குற்ற ஒப்புதலாகிவிட்டது. அவள் இரு முழங்கைகளிலும் தீக்காயம் ஆறிய தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் எழுந்து கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றுவரை என்னை விடவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

எனவே, தெனாகானித்தா போன்ற தொழிலாளர் உரிமை அமைப்பையோ வழக்கறிஞரையோ இன்றே தொடர்புகொண்டு, அவர்கள் துணையோடு போலீஸ் புகார் செய்யுங்கள். போகுமுன் அவளை அமைதியாக உட்காரவைத்து, அவள் வாயால் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதிவையுங்கள்: எந்த மாதம் வந்தாள், ஏஜென்ட் என்ன வாக்குக் கொடுத்தார், சம்பளம் எவ்வளவு என்று பேசினார்கள், கையில் எவ்வளவு கொடுத்தார்கள், இரவில் கதவு எந்தப் பக்கம் பூட்டப்பட்டது, பாஸ்போர்ட்டை யார் எப்போது வாங்கிக்கொண்டார்கள். ஏஜென்டுடன் பேசிய வாட்ஸ்ஆப் செய்திகளை அழித்துவிட வேண்டாம். 'அனுமதி முடிந்து தங்கிவிட்டேன்' என்று அவள் தொடங்கினால் எழுதுபவர் அதை மட்டுமே எழுதிக்கொள்வார். 'சம்பளமில்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள்' என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதிலும் தயங்காதீர்கள்.

அதிகாரி சந்தேகம் கொண்டால், 24 மணி நேரத்துக்குள் அவளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பெறுவார். அது 21 நாள் வரை. விசாரணையில் கடத்தல் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெளிவானால், வெளிநாட்டவருக்கு மூன்று மாதம் வரை பாதுகாப்பு ஆணை கிடைக்கும். தேவையானால் அதை நீட்டிக்கலாம். அக்காலத்தில் அவள் பாதுகாப்பு இல்லத்தில் இருப்பாள். 2015இல் வந்த திருத்தத்தால், வெளியே சென்றுவரவும் வேலை செய்யவும் அனுமதி கேட்க முடியும். இந்த அனுமதி உரிமையாக எழுதப்படவில்லை, 'தரலாம்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டில் பூட்டிவைக்கப்பட்டவரை இன்னொரு வாசலுக்குள் அனுப்புவதை நான் ஏற்கவில்லை. ஆகையால் அந்த அனுமதியை முதல் நாளிலிருந்தே எழுத்தில் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 'தண்டம் கட்டினால் ஊருக்குப் போய்விடலாம்' என்று யாராவது குடிநுழைவுத் துறை முகப்புக்கு அழைத்துப் போக முன்வருவார்கள். அப்படிப் போனால் அவள் தவறு செய்தவராகவே விமானம் ஏறுவாள். ஏழு மாதச் சம்பளம் அத்தோடு போகும். அந்த ஏஜென்ட் அடுத்த பெண்ணை அழைத்துவருவார்.

கேள்வி: என் மைத்துனர் பட்டர்வொர்த்தில் ஓர் உணவகத்தில் பர்மிட்டோடு வேலை செய்கிறார். பாஸ்போர்ட்டை முதலாளி 'பத்திரமாக' வைத்திருக்கிறார். இதுவும் கடத்தலா?
– ஒரு வாசகர், பினாங்கு

பதில்: அதை மட்டும் வைத்துக் கடத்தல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிறர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தில் தனிக் குற்றம். கட்டாய உழைப்புக்கு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்துள்ள 11 அடையாளங்களில் அடையாள ஆவணங்களைப் பறித்துவைப்பதும் ஒன்று. சம்பளத்தைப் பிடித்துவைப்பதும், கடனில் கட்டிப்போடுவதும், வெளியே விடாமல் தடுப்பதும் அதே பட்டியலில் உள்ளன. இவையும் சேர்ந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 90பி பிரிவும் கட்டாய உழைப்பைத் தண்டிக்கிறது. தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் மைத்துனர் நேரில் புகார் செய்யலாம்.

கேள்வி: அமெரிக்காவில் கடத்தலுக்கு ஆளானவர்களுக்குத் தனி விசா உண்டு என்று என் மகள் சொல்கிறாள். மலேசியாவில் அப்படி எதுவும் இல்லையா?
– ஓர் இல்லத்தரசி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக அங்கே 'டி விசா' வந்தது. கடத்தலின் காரணமாக அந்நாட்டில் இருப்பவர், காவல்துறையின் நியாயமான கோரிக்கைகளுக்கு ஒத்துழைத்தால், நான்கு ஆண்டுகள் வரை தங்கி வேலை செய்யலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த ஒத்துழைப்பு நிபந்தனையும் இல்லை. பின்னர் நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்க வழியுண்டு. ஆண்டுக்கு 5,000 பேர் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. பாதுகாப்பு ஆணை முடிந்ததும் வெளிநாட்டவர் குடிநுழைவு அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டு, அவருடைய பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, தேவையற்ற தாமதமின்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்பப்படுகிறார். கடன் கொடுத்தவர் வாசலில் காத்திருக்கும் ஊருக்கே திரும்ப வேண்டியவர்களுக்கு இது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் குற்றவாளி தண்டிக்கப்பட்டால் நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிடலாம். தண்டனை இல்லாத வழக்குகளிலும் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்ல 2015 திருத்தம் இடம் தருகிறது. செந்தூல் சகோதரிக்கும் இதையே சொல்கிறேன்: அவளுக்குப் பயணச் சீட்டு எடுக்குமுன், அந்த ஏழு மாதக் கணக்கு அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கோப்பில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.