பாலில்லாத கோழிச் சூப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஒன்பது வயது மகளுக்குப் பால் புரத ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, ஓர் உணவகத்தில் விசாரித்த பிறகே கோழிச் சூப் வாங்கிக் கொடுத்தோம். பால் சேர்க்கவில்லை என்றார்கள். ஆனாலும் அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. வீட்டிலேயே பயமில்லாமல் எப்படிச் செய்வது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சகோதரி, படித்ததும் மனம் பதறிவிட்டது. இனி எப்போதாவது தடிப்போடு மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பால் என்று கேட்டால் சமைப்பவருக்குப் பாக்கெட் பால்தான் நினைவுக்கு வரும். வெண்ணெயும் கிரீமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பிரெஞ்சு முறைச் சூப்புகள் பலவற்றில் மைதாவை வெண்ணெயில் வதக்கி, அதில் சாற்றை ஊற்றித்தான் கெட்டியாக்குகிறார்கள். ஆகவே வெளியில் சாப்பிடும்போது வெண்ணெய், கிரீம், நெய், சீஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சூப் பொடியிலும் மசாலாக் கட்டியிலும் பால் திடப்பொருள், கேசீன் (casein), வே (whey) என்ற பெயர்களில் பால் ஒளிந்திருக்கலாம் என்பதால், அவற்றை வீட்டுச் சூப்பில் சேர்க்கவே வேண்டாம். நெய்யிலும் பால் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். என் தங்கை மகனுக்கு இதே ஒவ்வாமை உண்டு. அது தெரிந்திருந்தும், பழக்க தோஷத்தில் ஒரு நாள் ரசத்தை நெய்யில் தாளித்துவிட்டு நான் பட்ட வேதனையை இன்றும் மறக்கவில்லை.

இனி செய்முறை. தோல் நீக்கிய, எலும்போடு கூடிய கோழி அரைக் கிலோ வாங்குங்கள். கழுத்தும் இறக்கையும் அதில் இருக்கட்டும், சாற்றுக்குச் சாரம் தருபவை அவைதாம். ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீரில் கறியைப் போட்டு, அடுப்பை மிதமாக வைத்தால், கொதி வரும் நேரத்தில் சாம்பல் நிற நுரை ஓரங்களில் திரளும். அதைக் கரண்டியால் பொறுமையாக வழித்தெடுத்த பிறகே தட்டிய சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், சிறு துண்டு இஞ்சி, ஒரு தக்காளி, கொத்தமல்லித் தண்டு, மஞ்சள்தூள் ஆகியவற்றைச் சேருங்கள். அதன்பின் தீயைக் குறைத்து, ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் மேலே வந்து உடையும் அளவில் 45 நிமிடம் வைத்திருங்கள். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். பொடித்த மிளகும் சீரகமும் உப்பும் கடைசியில்தான். குழந்தைக்கு என்பதால் உப்பைக் குறைத்தே போடுங்கள்.

கிரீம் இல்லாமல் கெட்டி வருமா என்ற கவலை வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசியைச் சாற்றிலேயே குழைய வேகவைத்து மசித்தால் போதும். உங்கள் மாவட்டத்துப் பண்ருட்டி முந்திரியை எட்டுப் பருப்பு ஊறவைத்து அரைத்து விட்டால் கிரீமின் வழவழப்பே கிடைக்கும். ஆனால் முந்திரி அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். தேங்காய்ப் பாலும் பெயரளவில்தான் பால், அதில் மாட்டுப்பால் புரதம் கிடையாது. டப்பாவில் வருவதைத் தவிர்த்து, வீட்டில் பிழிந்ததை விடுங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் அது கட்டியாக உறைந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அது. மேலே படர்ந்த கொழுப்பை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: பால் குடிக்காதவர்களுக்கு எலும்புச் சூப்பிலேயே கால்சியம் கிடைத்துவிடுமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கிடைக்காது. எலும்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் சாற்றில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் முருங்கைக்கீரையும் நல்லவை. சூப்பை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போடுங்கள். மிளகுக் காரத்தோடு அது நன்றாகவே சேரும்.